ஏலம் கூவுங்கள் அக்கா, அதுவும் பயிற்சிதான்

கேள்வி:

"மேடம், எனக்கு வயசு 49. காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்கிறவள். நுரையீரலில் டிபி வந்து ஆறு மாதம் மாத்திரையை விடாமல் சாப்பிட்டேன். முடிந்து ரெண்டு மாதம் ஆகிறது. கடைசி சளி டெஸ்டில் கிருமி இல்லை, குணமாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். எக்ஸ்ரேயில் தழும்பு மட்டும் இருக்கிறதாம். சுகர் மாத்திரையும் போடுகிறேன்.

எங்கள் வீடு வாரியக் குடியிருப்பில் மூணாவது மாடி. ஏறி வருவதற்குள் உயிர் போய்த் திரும்புகிறது. ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று ஒரு பேப்பர் கொடுத்தார்கள். கையைத் தூக்கு, இறக்கு, காலை நீட்டு, மடக்கு என்று படம் போட்டிருக்கிறது. கொஞ்ச நாள் செய்தேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கையைத் தூக்கித் தூக்கி இறக்கினால், எனக்கு இன்னும் நோய் போகவில்லை என்றே தோன்றுகிறது. விட்டுவிட்டேன்.

மாமியார், 'உடம்ப அலட்டிக்காத, படு' என்கிறார். ஆறு வயசுப் பேரன் விளையாடக் கூப்பிடுகிறான். எனக்குச் சிரித்தால்கூட இருமல் வருகிறது. அவனுக்கு ஒட்டிவிடுமோ என்று பயம். இந்த வயசில் இவளுக்கு என்ன ஆட்டம் என்று அக்கம்பக்கத்தில் பேசுவார்களோ என்று கூச்சம் வேறு. பயிற்சிக்குப் பதிலாக விளையாடலாமா? மூச்சு எவ்வளவு வாங்கினால் பரவாயில்லை? மறுபடி எப்போது கூடை தூக்கலாம்?"

பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்:

அன்புள்ள அக்கா,

விளையாடுங்கள். இன்று சாயங்காலமே ஆரம்பிக்கலாம். உங்களை மாதிரி நுரையீரல் நோயிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. நாங்கள் கொடுக்கும் பேப்பர்கள் எத்தனை வீடுகளில் பீரோ மேல் கிடக்கின்றன என்பது எனக்குத் தெரியும். அது உங்கள் குற்றமில்லை. ஆறு மாதம் ஒருவேளைகூட விடாமல் மாத்திரை சாப்பிட்டு முடித்த உங்களை யாரும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. சுவரைப் பார்த்துச் செய்யும் பயிற்சி உங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பிடித்த வழியில் செய்ய நிறைய இருக்கிறது.

முதலில் பேரன் விஷயம், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் மற்ற எல்லாவற்றையும் விட அந்தப் பயம்தான் என்னை உறுத்தியது. நுரையீரலில் கிருமி உள்ளவர் இருமும்போது, பேசும்போது காற்று வழியாகத்தான் காசநோய் பரவும். மருந்து சரியாக வேலை செய்ய ஆரம்பித்தால் சில வாரங்களிலேயே பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். நீங்கள் முழு சிகிச்சையும் முடித்தவர், சளியும் சுத்தம். இப்போது வரும் இருமல், தழும்பு விழுந்த மூச்சுக்குழாய்கள் வேகமான காற்றுப் பட்டதும் உறுத்துவதால் வருவது. அதில் கிருமி இல்லை. தட்டு, டம்ளர், பொம்மை, கேரம் காய் இவற்றால் டிபி எந்தக் காலத்திலும் பரவாது. மடியில் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், முத்தம் கொடுங்கள். ஒரே ஒரு விஷயம்: உங்களுக்கு நோய் என்று தெரிந்த சமயத்தில் வீட்டில் எல்லோருக்கும், முக்கியமாகக் குழந்தைக்கு, பரிசோதனை நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை என்றால் மாத்திரை வாங்கிய அதே இடத்துக்கு அவனை ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். அதோடு அந்தப் பயத்துக்கு முடிவு கட்டிவிடலாம்.

அடுத்து மாமியார். அவர் அன்பினால்தான் படுக்கச் சொல்கிறார். அவர் இளம் வயதாக இருந்தபோது டிபி என்றால் சானடோரியம் (டிபிக்கென்றே இருந்த ஆஸ்பத்திரி), படுக்கை, பால், முட்டை என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கை அசைந்ததே நம் சென்னையில்தான். 1956-இல் சேத்துப்பட்டில் ஆரம்பித்த காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம் (இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்துப் பார்த்தது. இன்னொரு பாதிக்கு அவரவர் வீட்டிலேயே மருந்து கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான சின்ன வீடுகளில் இருந்த ஏழைகள். அவர்களுக்கு ஓய்வும் குறைவு, சாப்பாடும் குறைவு. ஆனால் குணமானதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1959-இல் அந்த முடிவு வெளிவந்த பிறகு உலகம் முழுக்கக் காசநோய்க்கு வீட்டிலேயே மருந்து கொடுக்கும் வழக்கம் பரவியது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் தொடர்ந்து பார்த்ததில் தெரிந்தது. குணமாக்கியது மருந்து. படுக்கை இல்லை.

படுத்தே கிடப்பதால் வரும் கேடும் நன்றாகத் தெரிந்த ஒன்று. 1966-இல் அமெரிக்காவில் டாலஸ் நகரத்தில், எந்த நோயும் இல்லாத இருபது வயது இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே 5 பேரைச் சோதித்தபோது, முப்பது வருட வயதேற்றம் செய்த சேதத்தை விட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம் என்று தெரிந்தது. நல்ல உடம்புக்கே இந்தக் கதி. மாதக்கணக்கில் காய்ச்சலும் எடை குறைவுமாக இருந்த உங்கள் உடம்பைப் படுக்கப் போட்டால் என்ன ஆகும் என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பார்.

மூன்றாவது மாடி ஏறினால் உயிர் போகிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் பாதிதான் நுரையீரல். உங்கள் நுரையீரல் கிழிந்து தைத்த வலை. தைத்த இடம் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், மற்ற இடமெல்லாம் பழையபடி வேலை செய்யும். மீதிப் பாதிக் காரணம் உங்கள் தொடைகளில் இருக்கிறது. நோயில் தசை கரைந்துவிட்டது. மெலிந்த தசை சீக்கிரம் களைத்துப்போய், அதே படிக்கு அதிகக் காற்றைக் கேட்கிறது. மூச்சு வாங்குகிறது. பயம் வருகிறது. உட்கார்ந்துவிடுகிறீர்கள். உட்கார்ந்ததால் தசை இன்னும் கரைகிறது, அடுத்த வாரம் இரண்டாவது மாடியிலேயே வாங்குகிறது. தழும்பை எந்தப் பயிற்சியாலும் அழிக்க முடியாது. ஆனால் தொடையையும் தோளையும் திரும்பக் கட்டலாம், மூச்சு விடும் பழக்கத்தைச் சீர்செய்யலாம். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் அதே படி, அதே நுரையீரல், குறைந்த மூச்சுவாங்கல் என்ற நிலைக்கு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். அதற்குத் தேவை, அநேகமாகத் தினமும் கொஞ்ச நேரம் உடம்பு வேலை செய்வது. இந்தத் 'தினமும்' என்ற இடத்தில்தான் பேப்பர் தோற்றுப்போகிறது, பேரன் ஜெயிக்கிறான். நாளைக்கும் அவன் வந்து கையைப் பிடித்து இழுப்பான்.

மூச்சு எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன், இதை மட்டும் மறக்காதீர்கள். ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட முடியாத அளவுக்கு வாங்கலாம். ஒரு வாக்கியத்தையே ரெண்டாக, மூணாக உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தால் அதிகமாகிவிட்டது, உட்காருங்கள். சும்மா இருப்பது பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து என்று வைத்துக்கொண்டால் மூன்று, நான்கில் நிற்க வேண்டும். நிறுத்திய பிறகு ஐந்து, பத்து நிமிடத்துக்குள் மூச்சு பழையபடி ஆகிவிட வேண்டும். மறுநாள் காலை எழும்போது வழக்கத்தை விட அசதியாக இருந்தால் முந்தின நாள் ஆட்டம் கூடுதல், மூன்றில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் போதும், நாளைக்கு இரண்டு வேளை. பிறகு மெதுவாக இரண்டு இரண்டு நிமிடமாக ஏற்றி, மொத்தமாக அரைமணி நேரம் வரை கொண்டுபோகலாம். மூச்சு வாங்குவதே கெட்டது என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் வாங்கினால்தான் தசை தேறும்.

இனி ஆட்டம்.

உங்கள் தொழிலிலிருந்தே முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். பேரனைத் தரையில் பழைய பேப்பரை விரித்து, அட்டையில் மீன் வெட்டி அடுக்கச் சொல்லுங்கள். வஞ்சிரம், வவ்வால், சங்கரா, நெத்திலி, கொஞ்சம் இறால். அவன்தான் ஏலம் விடுகிறவன். நீங்கள் சுவரோடு ஒட்டிப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து ஏலம் எடுக்கிறீர்கள். ஒவ்வொரு முறை விலை ஏற்றும்போதும் கையை ஊன்றாமல் முழுசாக எழுந்து நின்று, ஒரே மூச்சில் நீளமாக, மார்க்கெட்டில் கூவுகிற குரலில் விலையைக் கூவ வேண்டும். பிறகு மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு எண்ணிக்கொண்டே மெதுவாக உட்கார வேண்டும். தொப்பென்று உட்கார்ந்தால் ஏலம் செல்லாது. ஒரு மீனுக்கு ஐந்து தடவை விலை ஏறட்டும். அப்புறம் மீன் கைமாறும், காசு எண்ணும் நேரம், அதுதான் உங்கள் ஓய்வு. முதல் வாரம் மூன்று மீன் போதும்.

இந்த ஆட்டத்தில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது தொடைக்கு நாங்கள் கொடுக்கும் முக்கியமான பயிற்சி. பாரம் தூக்கும்போது, எழும்போது மூச்சை வெளியே விடுங்கள் என்று நாங்கள் தொண்டை வறளச் சொல்லுவோம், நோயாளிகள் மூச்சை அடக்கிக்கொண்டுதான் எழுவார்கள். எழும்போதே கூவினால் மூச்சு தானாக வெளியே போய்விடுகிறது. நீளமாகக் கூவினால் உள்ளே தங்கிய பழைய காற்றும் வெளியேறிப் புதுக் காற்றுக்கு இடம் கிடைக்கிறது. நாற்காலி தாழ்வாக இருந்து எழ முடியவில்லை என்றால் மேலே ஒரு தலையணை போடுங்கள், தெம்பு வந்ததும் எடுத்துவிடலாம். சிரித்து இருமல் வந்தால் பயப்படாமல் உட்கார்ந்து ரெண்டு மிடறு வெந்நீர் குடித்துவிட்டு ஏலத்தைத் தொடருங்கள்.

மாடிப்படிக்கும் ஓர் ஆட்டம் இருக்கிறது, இதில் மெட்ரோ ரயில் ஓட்டுநர் நீங்கள், அறிவிப்பு கொடுப்பது பேரன். கீழே தரைத்தளம் வண்ணாரப்பேட்டை. முதல் திருப்பம் தியாகராயா கல்லூரி, அடுத்தது தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, டோல்கேட், காலடிப்பேட்டை. ஒவ்வொரு மாடிக்கும் நடுவில் ஒரு திருப்பம் இருந்தால், மூன்றாவது மாடியில் உங்கள் வீட்டு வாசல் சரியாகத் திருவொற்றியூர் தேரடி. ரயில் எல்லா நிறுத்தத்திலும் நின்றுதான் ஆக வேண்டும், மூச்சு வாங்கினாலும் வாங்காவிட்டாலும். கதவு திறந்து ஆள் இறங்கி ஏறும் வரை, அரை நிமிடமாவது, கைப்பிடியில் முன்கையை வைத்துச் சாய்ந்து நில்லுங்கள். மூச்சு வாங்கிய பிறகு நிற்பதில் இல்லை, வாங்குவதற்கு முன்பே நிற்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. மொத்தமாக ஓடி ஏறிவிட்டு மேலே போய்த் தவிக்கிறவர்களை விட, இப்படி நின்று நின்று ஏறுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். ஏறும்போது ஒரு படிக்கு மூச்சை மூக்கால் இழுத்து, அடுத்த இரண்டு படிக்கு உதட்டைக் குவித்து மெல்ல ஊதி வெளியே விடுங்கள். சில வாரத்தில் ஒரு நிறுத்தத்தை விட்டுவிட்டு அடுத்ததில் நிற்கலாம். எந்த நிறுத்தத்தை விடுவது என்று அவன் முடிவு செய்யட்டும்.

பாட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் வடசென்னையில் கானாவுக்குக் காலாட்டாதவர் யார் இருக்கிறார்கள்? ஒரு நல்ல குத்துப்பாட்டு நாலைந்து நிமிடம் ஓடும். பல்லவி வரும்போதெல்லாம் எழுந்து இடத்திலேயே கால் மாற்றி ஆடுங்கள், சரணம் வந்ததும் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுங்கள். கொஞ்சம் உழைப்பு, கொஞ்சம் ஓய்வு என்று மாற்றி மாற்றிச் செய்யும் முறை இது, நுரையீரல் பலவீனமானவர்களுக்குத் தொடர்ந்து ஓடுவதை விட இது தாங்கும். பாடுவதும் நல்லதுதான். மூச்சை அளந்து விடுவதற்கு அதை விடச் சுவையான பழக்கம் கிடையாது. பிரிட்டனில் நுரையீரல் நோயாளிகளுக்கென்றே பாட்டுக் குழுக்கள் நடக்கின்றன. ஆடிக்கொண்டே பாட வேண்டாம். உட்கார்ந்திருக்கும் சரணத்தில் பாடுங்கள்.

அந்தப் பேப்பரில் கையைத் தூக்கி இறக்கச் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. தலை வாரும்போது, கொடியில் துணி போடும்போது உங்களுக்கு அதிகமாக மூச்சு வாங்குகிறதா? வாங்கும். தோள், கழுத்துத் தசைகள் இப்போது மூச்சு விடுவதற்கும் உதவிக்கொண்டிருக்கின்றன. கையைத் தூக்கியதும் அவற்றுக்கு இரட்டை வேலை. அதைப் பழக்கத்தான் அந்தப் படம். அதற்குப் பதில் ஒரு பலூன் வாங்குங்கள். கீழே விழாமல் நீங்களும் பேரனும் மாற்றி மாற்றித் தட்ட வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று. கை எத்தனை தடவை தலைக்கு மேலே போனது என்று உங்களுக்கே தெரியாது. பலூனை மட்டும் நீங்கள் ஊதாதீர்கள், தழும்புள்ள நுரையீரலுக்கு அந்த அழுத்தம் இப்போது வேண்டாம்.

கேரம் பற்றிச் சொல்லாமல் உங்கள் பகுதிக்காரருக்குப் பதில் எழுதினால் நன்றாக இருக்காது. 1991-இலும் 1995-இலும் உலகச் சாம்பியன் ஆன மரிய இருதயம் சென்னைக்காரர். 2024-இல் அமெரிக்கா போய் மூன்று தங்கம் வாங்கிய காசிமா உங்களுக்குப் பக்கத்துப் புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டும் அப்பாவிடம் கற்றுக்கொண்டவர். உங்கள் குடியிருப்பிலும் கீழே எங்காவது ஒரு போர்டு இருக்கத்தான் செய்யும். உட்கார்ந்து ஆடினால் விரலுக்கு மட்டும்தான் வேலை. உயரமான ஸ்டாண்டில் போர்டை வைத்து நின்று ஆடுங்கள், விழுந்த காயை நீங்களே சுற்றிப் போய் எடுங்கள். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் தண்டனையாக நின்ற இடத்திலேயே பத்துத் தடவை குதிகாலை உயர்த்தி இறக்க வேண்டும் என்று விதி வையுங்கள். ஆனால் கேரம் பவுடரில் கவனம் வேண்டும். பையன்கள் கை நிறைய அள்ளித் தூவுவார்கள், அந்தத் தூசி உங்கள் மூச்சுக்குழாய்க்கு ஆகாது. மிகக் கொஞ்சமாகப் போட்டு துணியால் தேய்க்கச் சொல்லுங்கள், போடும்போது நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

பாண்டி ஆட்டத்தில் இப்போதைக்கு நொண்ட வேண்டாம், கட்டம் கட்டமாக நடந்தே ஆடுங்கள். கோலம் போடுவதானால் உலர்ந்த பொடிக்குப் பதில் ஈர மாவு. நீண்ட நேரம் குனிந்தே இருந்தால் தலை சுற்றும், நாலு புள்ளிக்கு ஒருமுறை நிமிருங்கள்.

வெளியே நடப்பதும் வேண்டும். ஆனால் எங்கே என்பதைப் பார்த்துச் செய்யுங்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோட்டோரம் வேண்டாம், அந்தப் புகையும் புழுதியும் உங்கள் நுரையீரலுக்கு நடை கொடுக்கும் பலனைத் தின்றுவிடும். மீன்பிடித் துறைமுகத்துக்குள் விடிகாலை ஏல நேரத்தில் ஈரத் தரை, தள்ளுமுள்ளு, டீசல் புகை எல்லாம் இருக்கும். இன்னும் கொஞ்ச நாள் அதைத் தள்ளிவையுங்கள். அலைதடுப்புக் கல் மேல் ஏறி நடப்பதும் வேண்டாம். கடற்காற்று வீசும் சாயங்கால நேரம் நல்லது. வாரத்தில் ஒருநாள் நிஜ மெட்ரோவில் ஏறி நிஜத் தேரடிக்கே போய் வாருங்கள். தேரடியிலும் மெட்ரோ நிலையம் திறந்த பிறகு அது சுலபமாகிவிட்டது. வடிவுடையம்மன் கோயில் பிரகாரம் அகலமானது, வண்டி வராது, களைத்தால் உட்கார இடம் உண்டு. ஒரு சுற்று, ஓர் உட்கார்தல், இன்னொரு சுற்று. வெள்ளிக்கிழமையும் பௌர்ணமியும் கூட்டம் நெரியும், அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சர்ச்சுக்குப் போகிறவர் என்றால் சர்ச் வளாகத்தில் இதையே செய்யலாம். போகி அன்று காலையில் டயர் புகை அடங்கும் வரை ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருங்கள். கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி இவற்றையும் உங்கள் அறையில் நிறுத்துங்கள். வீட்டில் யாராவது பீடி, சிகரெட் பிடித்தால் கட்டடத்துக்கு வெளியே போகச் சொல்லுங்கள். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள்.

சுகர் இருப்பதால் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து ஆடுங்கள். கை நடுங்கி, வேர்த்து, கண் இருட்டினால் உடனே போட்டுக்கொள்ள நாலு சர்க்கரை மிட்டாய் இடுப்பில் இருக்கட்டும். மொட்டை மாடியில் வெறுங்காலோடு வெயில் நேரத்தில் நிற்காதீர்கள், சுகரில் காலில் சூடு தெரியாமல் கொப்பளித்துவிடும்.

எப்போது ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? சளியில் ரத்தம் வந்தால், துளியாக இருந்தாலும். நெஞ்சு வலித்தால், மயக்கம் வந்தால், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினால், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் கண்டால், உடனே. விரலில் மாட்டி ரத்தத்தில் பிராணவாயு அளவைப் பார்க்கும் கருவி வீட்டில் இருந்தால், ஓய்வில் 94-க்குக் கீழே காட்டும் நாளில் டாக்டரைப் பார்த்த பிறகுதான் விளையாட்டு. ஆடும்போது 90-க்குக் கீழே இறங்கினால் அப்போதே நிறுத்துங்கள். நகப்பூச்சு இருந்தால் அது தப்பாகக் காட்டும், துடைத்துவிட்டுப் பாருங்கள். காய்ச்சல் அடிக்கும் நாளில் எந்த ஆட்டமும் கிடையாது.

அக்கம்பக்கம் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்களுக்கு என்ன நோய் வந்தது என்று யாரிடமும் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 'மூச்சுக்கு டாக்டர் இதைச் செய்யச் சொல்லியிருக்கிறார்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொள்ளுங்கள், நானே சொன்னதாகச் சொல்லுங்கள். முதல் சில வாரம் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் ஆடினாலும் தவறில்லை. ஆனால் என் அனுபவத்தில், டிபி வந்தவர்களை நோயை விட அதிகமாகச் சுருட்டிப் போடுவது இந்தக் கூச்சம்தான். ஆளோடு ஆளாக நின்று கேரம் ஆடும் நாள் உங்களுக்கு வர வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

கூடைக்கு வருவோம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. இரண்டு பையில் ஒவ்வொரு பாட்டில் போட்டு, இரண்டு கையிலும் தொங்கவிட்டு வீட்டுக்குள் நடந்து பாருங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அடுத்த வாரம் இன்னொரு பாட்டில். சமதளத்தில் பத்து நிமிடம் நிற்காமல் நடக்கவும், இரண்டு கையிலுமாகச் சேர்த்து ஆறேழு கிலோ தூக்கவும் முடிகிற வரை வியாபாரத்துக்குப் போகாதீர்கள். போகும்போதும் தலைச்சுமை வேண்டாம். கை தலைக்கு மேலே இருந்தால் மூச்சுத் தசைகளுக்கு இரட்டை வேலை என்று சொன்னேன் அல்லவா? சக்கரம் வைத்த தள்ளுவண்டி, இல்லாவிட்டால் ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பது. வருமானம் கொஞ்சம் குறையும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டில் இதைப் பற்றி இப்போதே பேசி வையுங்கள், சக்கர வண்டிக்குச் சங்கத்திலோ குழுவிலோ கடன் கேட்க வேண்டியிருந்தால் அதற்கும் நாள் பிடிக்கும்.

தனியாக ஆரம்பிக்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. காசநோய் சிகிச்சை முடித்தவர்களை இரண்டு வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது நம் நாட்டு முறை. அந்தத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் கூடினாலோ, சாயங்காலக் காய்ச்சல் திரும்பினாலோ, எடை இறங்கினாலோ தேதிக்குக் காத்திருக்காமல் போய்ச் சளி கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை போகும்போது, குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனை வேண்டும் என்று நீங்களாகவே கேளுங்கள். மூச்சுக்குழாய் சுருங்கியிருப்பது அதில் தெரிந்தால் இன்ஹேலர் எழுதிக் கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் மாடிப்படி இன்னும் சுலபமாகும்.